பொடி என்றுதான் அனுப்பினான்

“‘நான்’னு ஆரம்பிக்கிற பேச்சே எங்கிட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டாய். ஆகவே இது உன் புருஷனைப் பற்றிய குறிப்பு.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

அடுப்புக்கு மேலே அவன் மாட்டிய சிவப்பு டிஸ்ப்ளேயில் நான்கே எழுத்துதான் பிடிக்கும், அதுவும் இங்கிலீஷில். காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது என்று உனக்குத் தெரிவிக்க, அந்தப் புண்ணியவான் கம்ப்யூட்டரிலிருந்து PODI என்று அனுப்பினான். பொடி! நீ அதைப் ‘போடி’ என்று படித்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதோடு சரி, இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

இப்போது தலைபோகிற விஷயம். பதினோரு மணிக்கு அவன் அத்தை, அதாவது உன் அம்மா, வருகிறார்கள். அனுப்புகிற புரோகிராம் மக்கர் பண்ணுகிறது. அடுத்த சொல் போகும்வரை டிஸ்ப்ளே பழையதையே பிடித்துக்கொண்டு எரியும், உன்னை மாதிரி. பிளக்கைப் பிடுங்காதே, கம்ப்யூட்டரும் அதில்தான். நீ பாதியில் விட்ட ஆபீஸ் அறிக்கை போய்விடும். துண்டைப் போட்டு மூடு. இல்லையென்றால், “மாப்பிள்ளை என்னையா சொல்றாரு?” என்பார்கள்.

பி.கு.: துண்டு வேண்டாம். செருப்பை மாட்டிய பிறகு திரும்பி வந்து, கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்ப்ளேவுக்குப் போகும் வயரைக் கழற்றிக் குத்தினான், இப்போது சொல் போகிறது! உடனே ‘வாடி’ என்று அனுப்பினான். எழுத்துக்கு ஏழு கோடுதான், அதில் V வராது, U-வாக எரிகிறது. UADI. அத்தையிடம் ஏதாவது சொல்லிச் சமாளி. நீ மட்டும் சரியாகப் படி.

ஊடியது போதும், வாடி.

‘நான்’ என்று ஆரம்பிக்கத்தானே கூடாது? முடிக்கலாம் அல்லவா?

நான்.