கீழ் அம்பு காத்த கல்யாண மண்டபம்

என் உயிர் மச்சான் பெஞ்சமினுக்கு, விவேக் நகர் மாடிக்கடையிலிருந்து லூர்து எழுதுவது. முதலில் நல்ல செய்தி: ஜெயித்துவிட்டோம். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். நீ இருந்தால் "சுருக்கமா சொல்லுங்க மச்சான்" என்று கையைப் பிடித்திருப்பாய். இப்போது யார் பிடிப்பது? நீட்டித்தான் சொல்வேன்.

நம் பச்சைப்பெட்டியின் கதை முடிந்துகொண்டிருக்கிறது. நீ கடைசிவரை கட்டிக்கொண்டிருந்த அந்த வெப் டிசைன் சாஃப்ட்வேரைத்தான் சொல்கிறேன். அதன் சின்னம் பச்சைச் சதுரம் என்பதால் நாம் வைத்த பெயர் அது. இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அதைச் செய்தவர்களே இப்போது அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, ஆனால் மாத வாடகை மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். பெங்களூரில் பாதி வீட்டுக்காரர்கள் அப்படித்தானே?

ஒரு காலத்தில் இந்த ஊரின் பாதி வெப்சைட் நம் மாடியிலிருந்துதான் இறங்கியது. சரி, கால்வாசி. திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பாய். ஒரு பக்கம் படம், மறு பக்கம் எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள். எறும்புப் பக்கம் நீ, படப் பக்கம் நான். "இந்த ரோஜாவைப் பெருசாக்கு, மண்டபத்துக் கௌடர் கண்ணுல படணும்" என்று நான் சொல்ல, நீ பெருசாக்குவாய். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

நீ எனக்குப் போட்ட ஒரே சட்டம் நினைவிருக்கிறதா? "மேலே போற அம்பை மட்டும் தொடாதீங்க மச்சான். அது நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறதை ஊர் முழுக்க அனுப்பிடும். கீழே வர்ற அம்பு வெளியே இருக்கறதை நம்மகிட்ட கொண்டுவரும். அதை வேணா எத்தனை தரம் வேணா அமுக்கிக்கோங்க." என் கையை எங்கேயாவது ஒதுக்கி வைக்கத்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று உன் அக்கா ஸ்டெல்லா இன்றும் சாதிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபம் முடிந்ததும் நேரே கடைக்கு வருவேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. ஒவ்வொரு வாடிக்கையாளரின் சைட்டையும் திறந்து, பெயரைச் சொல்லி, கீழ் அம்பை அமுக்குவேன். மேலேயிருந்து ஆசீர்வாதம் இறங்குகிற திசை அதுதானே? "சார்ந்த கோப்புகளும் வேண்டுமா?" என்று பெட்டி கேட்கும். வேண்டும் என்பேன். ஆசீர்வாதத்தில் என்ன கஞ்சத்தனம்?

நீ கண் மூடிய பிறகும் விடவில்லை, மச்சான். "கம்ப்யூட்டருக்கு ஜெபம் பண்ற ஒரே மனுஷன் என் வீட்டுக்காரர்தான்" என்று ஸ்டெல்லா தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். சொல்லட்டும். அந்த ஒரு மணி நேரம் உன் நாற்காலியில் உட்கார எனக்கு வேறு சாக்கு எங்கே இருந்தது?

போன மாதம்தான் இடி விழுந்தது. நம் சைட்டுகளுக்கெல்லாம் வாடகைக்கு இடம் கொடுத்த கம்பெனி, பழைய மெஷின்களை மூடிவிட்டுப் போய்விட்டது. அனுப்பிய எச்சரிக்கையெல்லாம் உன் மெயிலுக்குப் போயிருக்கிறது; அதை யார் திறப்பார்கள்? வெள்ளிக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்துக் கௌடர் போன் போட்டார். "ஏன்ரீ லூர்து, நம்ம சைட் எல்லிரீ, எங்கே போச்சு? முகூர்த்த சீசன் வருது, திறந்தா வெள்ளையா சுவர் மாதிரி நிக்குது!"

கோரமங்களாவில் ஒரு புது ஆபீஸ் அவரைப் பிடித்துவிட்டிருந்தது. உங்கள் சைட் செத்துப்போன சாஃப்ட்வேரில் செய்தது, இனி அதை யாராலும் எழுப்ப முடியாது, எங்களிடம் மாத வாடகைக்கு இழுத்து ஒட்டுகிற புது முறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கௌடர் நல்லவர். "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார். அவர் சொல்லி வந்தவர்கள்தான் நம் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி; அவர் போனால் எல்லாரும் போவார்கள். "போதும், போர்டை இறக்கிடுங்க" என்றாள் ஸ்டெல்லா. 'பெஞ்சமின் & மச்சான் வெப் டிசைன்' என்ற நம் போர்டை. உன் பெயர் தெருவில் தெரிகிற ஒரே இடம் அதுதான், மச்சான். நான் எப்படி இறக்குவேன்?

உன் மகள் ஜெனியைக் கூப்பிட்டேன். ஐடி கம்பெனியில் இருக்கிறாள், தெரியுமல்லவா, இப்போது டீம் லீடர். நான் ஊரில் அவளை மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து நம் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். அப்படியே நிமிர்ந்தாள்.

"மாமா, எல்லா சைட்டும் முழுசா இங்கேயே இருக்கே! போன வியாழக்கிழமை வரைக்கும்! யார் பேக்கப் எடுத்தது?"

"வேற யாரு? மாமாதான். இப்படி ஒரு நாள் வரும்னு எனக்கு அப்பவே தெரியும்."

"மெழுகுவத்தி எதுக்கு?"

"அது செக்யூரிட்டி."

சிரித்தாள் மச்சான். அச்சு அசல் உன் சிரிப்பு.

அடுத்து அவள் சொன்னதைக் கேள். பச்சைப்பெட்டி போனாலும் நீ கட்டிய பக்கங்கள் போகாதாம். அவை வெறும் எழுத்துகள். இலவசமாகக் கிடைக்கிற எந்த எடிட்டரிலும் திறக்குமாம். திறந்து காட்டினாள். உன் எறும்புகள் வரிசை குலையாமல் நின்றன. "அப்பா எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கார், பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடைசி வரிவரை பார்த்தேன்.

ஒரு குறை இருந்தது. போனில் பார்த்தால் மண்டபம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய இந்த ஏஐ என்கிறார்களே, அதனிடம் கேட்டாள். வேலையை நொடியில் முடித்தது. கூடவே மண்டபத்தில் நீச்சல் குளம் இருப்பதாக ஒரு வரியையும் தானாகச் சேர்த்திருந்தது! நான்கூட அவ்வளவு தூரம் போக மாட்டேன். குளத்தை ஜெனி தூர்த்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். சைட்டுகளுக்குப் புது இடம் பிடித்து, எல்லாம் தயார். புது எடிட்டரிலும் மேலே போகிற ஓர் அம்பு இருந்தது. ஜெனி நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே அமுக்குங்க, மாமா."

"வேணாம்மா. உங்கப்பா கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அமுக்கினேன், மச்சான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் கௌடர் போன். "பந்துரீ, பந்து!" வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கன்னடத்தில் கத்துகிறார், விவேக் நகர் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். ரோஜா அதே அளவில் இருக்கிறதாம். அழுதாரா என்று கேட்காதே. அழுதார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோரமங்களாக்காரர்களிடம் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டெல்லா பிரியாணி செய்தாள். உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு உள்ளே கொண்டுபோனாள்.

மேல் அம்பை இனி ஜெனி பக்கத்தில் இருந்தால்தான் தொடுவேன். வியாழக்கிழமை மெழுகுவத்தி நிற்காது. போர்டுக்கு வருகிற வாரம் புது பெயின்ட்; கடைசியில் '& மகள்' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் பெயர்தான் முதலில். நான் உயிரோடு இருக்கிறவரை அதை எந்த ஆணியிலிருந்தும் யாரும் கழற்ற முடியாது. இது மட்டும் நான் பெருசாக்கிச் சொன்னதில்லை, மச்சான்.

போர்டில் உன் பெயரை ஒட்டி நிற்கிற,
உன் அக்கா வீட்டுக்காரன்,
மச்சான் லூர்து