ஊசிக்கு முன் ஒரு வாய்

அன்புள்ள அக்கா,

நீ விட்டுப்போன பூனைக்குச் சர்க்கரை வியாதி என்பது உனக்குத் தெரியும். இப்போது சிறுநீரகமும் கெட்டுவிட்டது. ஒன்றுக்கு நல்ல தீனி மற்றதற்கு ஆகாதாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "எதையாவது தின்னட்டும்மா, அதுவே போதும்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். தின்னாமல் இன்சுலின் போட்டால் மயங்கிவிடும். ஆனால் தீனியைக் கண்டாலே அதற்குக் குமட்டுகிறது. தையற்கடையில் நாளெல்லாம் ஊசி பிடிக்கிற என் கை, இந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

அப்பாதான் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டுகிறார். உன் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொன்னவர், "ஒரு வாய் தின்னுடி கழுதை. அந்தா, உன்னை வளர்த்தவ வந்துட்டா பாரு" என்கிறார். போன வாரம்வரை அது வாசலைப் பார்த்துவிட்டு, அவருக்காக இரண்டு வாய் தின்னும்.

இன்று காலையும் சொன்னார். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தது நான்தான். பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணம் அப்படியே இருக்கிறது.

எனக்கு எழுத வருவது இவ்வளவுதான்,
உன் தங்கை