சிம்மாசனத்துக்குப் பின்னால்

3 செப்டம்பர் 2025, புதன்
தண்ணீர் மோட்டார் மறுபடி ரிப்பேர். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர் மூன்று தடவை இறங்கி வந்து கேட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஃபோன். நிவேதாவாம், பழைய டேப்புகளைச் சரிசெய்யும் பெண். எங்கள் நாடகக் குழு 1987இல் டி.வி.க்காக நடித்த ‘கோமளாங்கி சபதம்’ கிடைத்துவிட்டதாம். அதன்மேல் வேறு எதையோ பதிந்து அழித்துவிட்டார்கள் என்றுதானே இத்தனை வருஷம் இருந்தோம்? வேலூரில் யார் வீட்டுப் பரணிலோ ஒரு பிரதி கிடந்திருக்கிறது. ராணியாக நடித்த என் மனைவி சந்திரகலா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். அவள் போய் நாலு வருஷம். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

7 செப்டம்பர்
பௌர்ணமி. தெருவில் கிரிவலக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. முட்டி வலி வேறு. எங்கும் போகவில்லை.

11 செப்டம்பர்
நிவேதா ஒரு காட்சியை அனுப்பியிருந்தாள். ராணி வேஷத்தில் சந்திரகலா, இருபத்தாறு வயது. அவள் வாயைத் திறக்குமுன் ஓர் ஆண் குரல் கிசுகிசுக்கிறது. நான்தான். மேடையில் செய்வதுபோலவே சிம்மாசனத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுத்தேன். ஒளிபரப்பியபோது பின்னணி இசை என்னை மூடிவிட்டது. கிடைத்திருப்பது இசை சேர்ப்பதற்கு முந்தைய பிரதி.

“அந்தக் குரலை மட்டும் எடுத்துடலாம் சார். நீங்க சரின்னா போதும்” என்றாள்.

எடுத்துடறதா? இருபது வருஷம் பிராம்ட் பண்ணேன். நான் இருந்ததுக்கு வேற என்னா சாட்சி இருக்கு — ஒரு போட்டோ உண்டா?

12 செப்டம்பர்
எத்தனை பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் சந்திரகலா சொல்லியிருப்பாள், “எனக்கு யாரும் எடுத்துக்கொடுத்ததே இல்ல” என்று. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். மற்றவர்களுக்குத்தான் அப்பா எடுத்துக்கொடுத்தார் என்று நம்பி வளர்ந்தவள் எங்கள் மகள் தேவிப்ரியா. செத்துப்போன சந்திரகலாவை இப்போது ஊர் முன்னால் பொய் சொன்னவளாக நிறுத்துவதா? கோபமும் வருகிறது. ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லியிருக்கலாம்.

13 செப்டம்பர்
எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

9 நவம்பர், ஞாயிறு
போன வாரம் டி.வி.யில் போட்டார்கள். என் குரல் எங்கேயும் கேட்கவில்லை. இன்று தேவிப்ரியா பேப்பரில் வந்த விமர்சனத்தைப் படித்துக் காட்டினாள். சந்திரகலாவை ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறார்கள். “ஒவ்வொரு வசனத்துக்கும் முன்பு அவர் காக்கும் மௌனம், நடிப்பின் உச்சம்.”

சிரிப்பு வந்தது. நான் கிசுகிசுத்த இடங்கள் அவை. அப்புறம் கண் கலங்கிவிட்டது.

“அவ்ளோ நேரம் அம்மா என்னாப்பா யோசிச்சிருப்பாங்க?” என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். “யாருக்கும்மா தெரியும்” என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போனதும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தேன். இருபது வருஷ வேலையில் என்னைப் பற்றிப் பேப்பரில் வந்த ஒரே வரி அது. வெட்டி வைத்துக்கொண்டேன்.