ஆம்பளைக் குரலும் கொடியில் கிடந்த சட்டையும்

திருத்தங்கல்
2.12.2007

அன்பு மகன் பாண்டிராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி வேல்விழியும் நம்ம வெள்ளாடும் சுகம், என் தொண்டை மட்டும் சுகமில்லை. மஸ்கட்டில் உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும், காது எப்படி இருக்கிறது என்று எழுது, எனக்கு அதில்தான் சந்தேகம்.

போன செவ்வாய்க்கிழமை நீ செல்லில் கூப்பிட்டபோது ஒரு ஆம்பளை எடுத்தான் அல்லவா, இருமினான், யாரு என்று கேட்டான், அவனை நீ என்னென்னவோ ஏசினாய் அல்லவா, அந்த ஆம்பளை நான்தான். ஏலே யாருலே நீ, எங்க வீட்டுல உனக்கு என்ன சோலி என்றாய். நான் உங்கம்மாதாம்லே என்றேன். நீ எங்கம்மான்னா எங்கப்பன் யாருலே என்றாய். நல்ல கேள்வி. செத்துப்போன மனுஷன் கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். அதற்குப் பிறகு நீ சொன்ன வார்த்தைகளை இந்தத் தாளில் எழுத மாட்டேன், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டி ஒட்டி நானாகப் படித்துக்கொண்ட எழுத்து, அதைக் கெட்ட வார்த்தைக்குச் செலவழிக்க மனசில்லை. பதில் சொல்லலாம் என்றால் இருமல் வந்து மூச்சை அடைத்தது, இருமி முடிப்பதற்குள் நீ வைத்துவிட்டாய்.

வைத்தவன் என்னை மறுபடி கூப்பிட்டாயா, இல்லை. விருதுநகரில் மிளகாய் வத்தல் கடையில் மூட்டை தூக்குகிற உன் சித்தப்பா வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு, வீட்டில் எவனோ இருக்கிறான், போய்ப் பாருங்கள் என்று ஏவியிருக்கிறாய். அவரும் வண்டியைத் தெரு முக்கிலேயே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி வந்தார். வாங்க என்று நான் கூப்பிட்டதும் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தார், மேலெல்லாம் வத்தல் தூசி, அங்கேயே அடுக்கடுக்காகத் தும்மினார், துப்புத் துலக்க வந்தவர். கொல்லைக்குப் போய் ஆட்டுக் கொட்டகையையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது முகத்தில் ஜெயித்துவிட்ட களை, கையில் கொடியில் கிடந்த சட்டை. இது யாரு சட்டை மதினி என்றார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற பொம்பளை சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவாள் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அவர் பெஞ்சாதியே போட்டவள்தான். காலரைத் திருப்பிப் பாருங்க என்றேன். ஐ.டி.ஐ. ஹாஸ்டலில் களவு போய்விடும் என்று நீயே மையால் எழுதிய உன் பெயர் அதில் இருக்கிறது. படித்துவிட்டுச் சட்டையைக் கொடியிலேயே போட்டார், அதையும் தலைகீழாகப் போட்டார்.

அதோடு போயிருந்தால் மரியாதை. மறுநாள் வந்து ஒரு யோசனை சொன்னார். வேல்விழி குரல் அப்படியே உங்க பழைய குரல் மதினி, அன்னைக்கு லைன் மாறிப்போச்சுன்னு சொல்லி அவளைப் பேச விடுவோம், பய தெளிஞ்சுருவான், நீங்க குணமானப்புறம் பேசிக்கங்க என்றார். கூடாது என்றேன். நான் அடுப்படியில் இருமிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் செல்லையே எடுத்துக்கொண்டு வெளியே போய் இரண்டு பேரும் காரியத்தை முடித்துவிட்டார்கள். உங்குரலக் கேட்டப்புறந்தாம்மா எனக்கு உசுரே வந்துச்சு என்று அழுதாயாமே. நல்ல அழுகைதான், ஆள்தான் மாறிப்போச்சு. நீ ஏசியது பெற்ற தாயை, கொஞ்சியது தங்கச்சியை. கம்பெனியில் லீவு போட்டால் பதிலுக்கு ஒரு ஆளை அனுப்புவோம், பெற்றவளுக்கும் அப்படி அனுப்பலாம் என்று நான் உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

குரலுக்கு என்ன வந்தது என்று இப்போதாவது கேட்பாய். தீபாவளி லோடு ஏறுகிற வரை நெஞ்சுச் சளியோடுதான் வேலைக்குப் போனேன். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை, குரல் இறங்கிக்கொண்டே போனது. வியாழக்கிழமை விருதுநகரில் டாக்டரிடம் போனேன். இருமி இருமித் தொண்டைக்குள் இருக்கிற சதை வீங்கித் தடித்துவிட்டது, தடித்தால் சத்தம் கனத்துத்தான் வரும், நெஞ்சிலும் காற்று பற்றவில்லை, வெடிமருந்துத் தூசி ஆகாது என்றார். இதற்கு எதற்கு அம்புட்டுப் படிப்பு. ஈரம் ஏறின மேளம் தொம்மென்றுதான் கேட்கும், கொட்டுக்காரர்கள் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், என்னையும் அப்படிக் காய்ச்சி விடுங்க டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் வாயைத் திறக்காதீர்கள், ஓரளவு தெளியும், பழைய குரல் முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். பேசக் கூடாது என்றுதான் சொன்னார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இது ஆம்பளைக் குரலாகப் படவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, கேட்கிறவர்கள் காதும் கூடவே இறங்கியது. ஆடு இரண்டு நாள் முழித்தது, பிறகு இந்தக் குரலுக்கே வந்துவிட்டது. நீ ஆவணியில் பேசியவன், கார்த்திகையில் கூப்பிடுகிறாய். நடுவில் தீபாவளியன்றாவது கூப்பிட்டிருந்தால் என்னம்மா குரல் கம்முது என்று கேட்டிருப்பாய், ஒண்ணுமில்லலே சளிதான் என்று நானும் பொய் சொல்லியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். ஓவர்டைம், கார்டு தீர்ந்துபோச்சு என்று எழுதாதே. சித்தப்பாவைக் கூப்பிட மட்டும் கார்டு இருந்தது. ஆட்டைக் கூப்பிட வாயைத் திறந்தால் பின்னால் வேறு யாரோ நிற்கிற மாதிரி எனக்கே சில நேரம் திடுக்கென்கிறது. இரக்கப்படு என்று இதைச் சொல்லவில்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

உனக்கு லீவு வெள்ளிக்கிழமை. கடிதம் கிடைத்த முதல் வெள்ளிக்கிழமை கூப்பிடு. எந்த வெள்ளி என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லா வெள்ளியும் செல் என் மடியில்தான் இருக்கும், வேல்விழி கையில் கொடுக்க மாட்டேன். எடுத்ததும் இருமல்தான் வரும். அந்த இருமலைக் கேட்டு நீ அம்மா என்று சொல்ல வேண்டும். யாரு என்று கேட்டாயானால், ராங் நம்பர் என்று இதே ஆம்பளைக் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

அங்கே சிமெண்டுத் தூசியில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள், மறக்காதே, குடும்பத்துக்கு ஒரு கனத்த குரல் போதும். நம்ம கருப்பசாமி உனக்குத் துணை நிற்பார். நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
நீ ஏசிய ஆம்பளை,
உன்னைப் பெற்ற இருளம்மாள்