சர்க்கரை இல்லை என்று சொன்னார்கள்

திண்டிவனம்
12-8-1984

அன்புத் தங்கச்சி ஜெயத்துக்கு அண்ணன் எழுதுவது. இது என் சொந்தக் கையெழுத்து, மாப்பிள்ளையிடம் காட்டு. புரை எடுத்த வலது கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டார்கள். நேற்று கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டையைத் தராசில் ஏற்றி, முள்ளை நானே பார்த்துச் சொன்னேன். "பொழைச்சிக்கினே போ, சுப்பராயலு" என்றார் முதலாளி. இனி வேலைக்குப் பயமில்லை.

இரண்டு கண் முகாமில் சர்க்கரை இருக்கிறது என்று ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பினார்களே, நீ கூட வந்த ராசி, மூன்றாவதில் மூத்திரத்தைச் சோதித்துச் சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் வக்கரகாளியம்மன் புண்ணியம். மாத்திரையை அன்றே விட்டுவிட்டேன். காபிக்கு வெல்லம் போட உன் அண்ணி அஞ்சம்மாள்தான் யோசிக்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
சுப்பராயலு


விழுப்புரம்
17-8-1984

அண்ணனுக்கு ஜெயத்தின் வணக்கம். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ரயில்வே டூட்டி முடிந்து வந்த இவரும் இரண்டு தரம் படித்தார்.

அண்ணே, மாத்திரையை விடாதீங்க. முகாமில் அத்தனை கூட்டம், அவசரத்தில் என்ன பார்த்தார்களோ. அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் இன்னொரு தரம் பாருங்கள். அண்ணி, வெல்லம் போடாதீங்க. வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

ஜெயம்


திண்டிவனம்
14-10-1984

அன்புத் தங்கச்சிக்கு,

நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய்? பரிசோதித்தவருக்குத் தெரியாதது விழுப்புரத்தில் அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும். தினமும் வெல்லக் காபிதான். அதிரசமும் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பத்து நாளாக ஆபரேஷன் செய்த கண் சிவந்து, தலை பிளக்கிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. நேற்று வாந்தி வேறு. கண்ணேறு என்கிறாள் அஞ்சம்மாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்.

அண்ணன்


விழுப்புரம்
16-10-1984

அண்ணே,

தீபாவளி வரை இருக்காதீங்க. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்குச் சர்க்கரை உண்டு, எப்போதும் இருந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது முகாமில் உங்கள் மூத்திரச் சீசாவை நான்தானே வாங்கிக்கொண்டு போனேன். முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதைக் கொட்டிவிட்டு, என்னுடையதைப் பிடித்துக் கொடுத்தேன். முதல் இரண்டு முகாமிலும் சோதனை மருந்தின் நீலம் செங்கல் நிறமாக மாறி, சர்க்கரை என்று சொன்னதும் நீங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். மூன்றாவது தரமும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மண்டி வேலையும் போய்விடும் என்றீர்கள். ஆபரேஷன் ஆகட்டும், மாத்திரைதான் சாப்பிடுகிறாரே என்று நினைத்தேன். நீங்கள் மாத்திரையை விடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன். உங்கள் கண்ணைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் போயிற்று. சோறு இறங்கவில்லை அண்ணே. திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

பாவி ஜெயம்


திண்டிவனம்
20-12-1984

ஜெயத்துக்கு,

நான் சொல்லச் சொல்ல அஞ்சம்மாள் எழுதுகிறாள். வலது கண் போய்விட்டது. வலி மட்டும் அடங்கியிருக்கிறது. டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார்கள். "சக்கரைய கட்டுப்படுத்தாம கண்ணுல கத்தி வச்சா இந்த ஆபத்து ஜாஸ்திங்க. மாத்திரையும் விட்டுட்டீங்க. உள்ள புதுசா ரத்தக்குழாய் முளைச்சி, தண்ணி வடியிற வழிய அடைச்சிருக்கு. அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு" என்றார்கள். யார் மறைத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

எனக்காகத்தான் செய்தாய், தெரியும். கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன், அதுவும் தெரியும். ஆனால் மாத்திரையை விட்டேன் என்று எழுதினேனே, அப்போது வாய் திறந்திருக்கலாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டியில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை இறங்கியதும் இடது கண்ணுக்கு ஆபரேஷன். துணைக்கு அஞ்சம்மாள் தம்பி நடராசன் வருவான். நீ வர வேண்டாம்.

பொங்கல் வரிசையை நிறுத்தமாட்டேன். அரிசி, மஞ்சள், புடவை எல்லாம் வந்து சேரும். அதையும் நடராசன்தான் கொண்டுவருவான்.

சுப்பராயலு