இருபத்தெட்டாம் தேதி பரீட்சைக்கு முன்

அன்பு மகள் நாகஜோதிக்கு, அப்பா ஜெயபாண்டி திருச்சுழியிலிருந்து எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், டெல்லியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்பாய். போனில் என் வாயில் ‘சரி’யைத் தவிர எதுவும் வரமாட்டேன் என்கிறது, அதனால்தான்.

போன ஞாயிறு சொன்னாயே, மாதிரி விமானத்தில் உட்காரவைத்துத் தானாக ஓட்டும் மெஷினை அணைத்துவிட்டுக் கையால் இறக்கச் சொன்னார்கள், வேகம் கைக்கு அடங்கவில்லை, பெயில், இருபத்தெட்டாம் தேதி மறுபடி, அதிலும் போனால் வேலையே சந்தேகம் என்று. ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாய். நானும் ‘சரிம்மா, சாப்ட்டியா’ என்று கேட்டு வைத்துவிட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை, உள்ளதைச் சொன்னால் இப்போதும் மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது. உன் அம்மா, ‘மோட்டாருக்கு மாட்டுன ஆட்டோவ இவுக வாயிலயும் மாட்டிட்டாக போல’ என்றாள்.

மோட்டார் சங்கதி உனக்குத் தெரியாது. கரண்டு வந்ததும் தானே ஓடுகிற ஆட்டோ பெட்டி மாட்டியதிலிருந்து நான் சத்தத்தைக் கவனிப்பதே இல்லை. போன மாதம் கிணறு வற்றி, மோட்டார் வெறுங்காற்றை இழுத்துக் கத்தியிருக்கிறது. பக்கத்து வரப்பில்தான் நின்றேன், காதில் விழுந்தது, உறைக்கவில்லை. உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், காயில் என்பார்கள், அது கருகிவிட்டது. அருப்புக்கோட்டையில் காயில் கட்டும் அருஞ்சுனை, ‘ஏன் மாமா, ஒங்க காது கடுக்கன் போட மட்டுந்தானா’ என்று சிரித்தான், நானும் சிரித்தேன். பருத்தி பாதி வாடிவிட்டது. பார்த்துவிட்டு வந்து டீ குடித்தேன்.

அதனால் உனக்குக் கை வராது என்று நான் சொல்லமாட்டேன். நாலு வருஷமாக ஏறின கொஞ்ச நேரத்தில் பொத்தானை அமுக்கு, மிச்சத்தை மெஷின் பார்க்கும் என்றுவிட்டு, திடீரென்று கையைக் காட்டு என்றால் அது என்ன செய்யும். எட்டாவது தாண்டாத நான் விமானம் ஓட்டப் புத்தி சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் பாஸானதும், வானம் தெளிந்த நாளில், சட்டம் விடுகிற மட்டும், கேப்டனிடம் கேட்டுக் கொஞ்ச தூரம் கையாலேயே ஓட்டிப் பார்.

நானும் பெட்டியைக் கழற்றிவிட்டேன். கிணறு கொஞ்சம் ஊறிவிட்டது, புதுக் காயிலோடு மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஏறும் குழாயில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. முந்தாநாள் குழாய் ஜில்லென்று இருந்தது தெரிந்தது.

அம்மா குலசாமிக்கு விளக்குப் போட நேர்ந்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. அந்த அம்மன் உன் கையில் நிற்பாள். பரீட்சை முடிந்ததும் போன் செய், பாஸானாலும் ஆகாவிட்டாலும். நான் மறுபடியும் ‘சரி’ என்று சொன்னால் உடனே வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு.

உன் அப்பா,
ஜெயபாண்டி