நாலாவது டிராக்

வியாழன், இரவு

சாயங்காலம் ஜெனிட்டா என் புதுப் பாட்டைப் பாடிப் பதிவு செய்யும்போது, கடைசி வரியில் துறைமுகத்துக் கப்பல் ஹாரன் புகுந்து கெடுத்துவிட்டது. அந்தக் கப்பலுக்கு அரிசியும் காய்கறியும் விற்று ஏற்றிவிட்டவனே நான்தான். புறப்படுகிற நேரம் தெரிந்தும் மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

வேறு நாளென்றால் திரும்பப் பாடச் சொல்லியிருப்பேன். நாளைக்கு அவளுக்குத் தைராய்டு ஆபரேசன். கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, எப்படியும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து என் பாட்டெல்லாம் அவள் குரலில்தான்.

என் பழைய கேசட் ரெக்கார்டரில் நாலு டிராக்தான். மூன்றில் கிட்டார், ஆர்மோனியம், தபேலா ஏறிவிட்டன; நாலாவதில்தான் அவள் குரல். அவள் மறுபடி பாடினால் இப்போது பாடினதை அழித்துத்தான் ஏறும்.

"இன்னொருக்கா பாடுதேன், பட்டனை அமுக்குங்க" என்றாள்.

விரல் போகவில்லை. பாதியில் டேப் சிக்கினால்? பாடும்போது அழுதுவிட்டால்?

"ஏளா, வேண்டாம். ஹாரன் கெடந்துட்டுப் போவுது."

"கப்பலையும் சேத்தா விக்கப் போறீங்க?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கை கழுத்துக்குப் போனது. கண்ணை மூடினால் அந்தக் கைதான் தெரிகிறது.

பிறகு அவளே பேரம் பேசினாள், நானும் ஒத்துக்கொண்டேன். குரல் திரும்பி வந்தால் இதை அழித்துவிட்டு அவளே புதிதாகப் பாடுவாள். வராவிட்டால், அவள் காதில் விழுகிற மாதிரி நான் இதை ஒருநாளும் போடக்கூடாது.